அன்று மழை பெய்ததா?

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் சிறு வயதுக் கோடை விடுமுறைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தக் கோடைகளில் கொசு கடிப்பதில்லை. புழுக்கம் இருப்பதில்லை. வீடு நிறைய உறவினர் வந்து இறங்கினால் பாயும் தலையணையும் போதாமல் போகுமே, அந்தத் தொல்லையும் இருப்பதில்லை. சித்திரை மாதத்திலும் ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மாம்பழம் ஒன்றுவிடாமல் தித்திக்கிறது. பெரியப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினைக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றதெல்லாம் அதற்கு அடுத்த வருஷம். அந்தக் கோடையில் மட்டும் இருவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக ஒற்றுமையாய் இருந்தார்கள்!

இவர்கள் பொய் சொல்கிறார்களா?

கேட்பதற்கே சற்றுக் கொடுமையான கேள்விதான். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் பொய்க்கும் நெடுநாள் உறவு உண்டு. ஆனால் நான் சொல்லும் பொய்யில் ஒரு நாணயம் இருக்கிறது. ‘இது கதை’ என்று தலைப்பிலேயே போட்டுத்தான் உங்களிடம் கொடுக்கிறேன். நீங்களும் தெரிந்தே வாங்கிக்கொள்கிறீர்கள். நினைவைச் சொல்லுகிறவர் அப்படியல்ல. அவர் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறவர். ‘நான் பார்த்தேன், இப்படித்தான் இருந்தது’ என்கிறார். சாட்சி சொல்லுகிறவர் தாம் கண்டதில் சர்க்கரை கலக்கலாமா? கலக்கலாம் என்றால் எவ்வளவு?

நம் வீடுகளில் இதை விசாரித்துப் பார்க்க வழியில்லை. பாட்டி சொன்னால் சொன்னதுதான். அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஆனால் ஒரு கோடைக்கு மட்டும் தற்செயலாக ஏராளமான சாட்சியங்கள் சேர்ந்து கிடக்கின்றன. படகில் போனவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டைரி இருக்கிறது. வானிலைப் பதிவேடும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டுக் கோடை அது. கொஞ்ச நேரம் அங்கே போய்வரலாம், வாருங்கள்.

ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் என்று ஒரு கல்லூரி. அங்கே கணித விரிவுரையாளராக இருந்தவர் சார்லஸ் டாட்ஜ்ஸன். வயது முப்பது. மணமாகாதவர். பேச்சில் கொஞ்சம் திக்கும். அந்த நாளில் புதுமையாயிருந்த புகைப்படக் கலையில் அவருக்கு ஒரே பித்து. கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெல் பெரிய கிரேக்க அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர். அவருடைய குழந்தைகளில் மூன்று பெண்கள் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள். லொரினாவுக்கு 13 வயது, ஆலிஸுக்கு 10, ஈடித்துக்கு 8. விரிவுரையாளருக்கு அந்த வீட்டில் தாராளமாகப் போக்குவரத்து இருந்தது. விடுமுறை நாட்களில் குழந்தைகளைப் படகில் அழைத்துப்போவார். கூடை நிறையத் தின்பண்டம் போகும். துணைக்கு ஒரு நண்பர் வருவார்.

1862 ஜூலை 4-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, டாட்ஜ்ஸனும் அவர் நண்பர் ராபின்ஸன் டக்வொர்த்தும் மூன்று பெண்களையும் படகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை தேம்ஸ் நதியில் எதிர்நீரில் ஏறத்தாழ மூன்று மைல். ஆண்கள் இருவரும் துடுப்பு வலித்தார்கள். ஆலிஸ் சுக்கான் பிடித்தாள் என்று டக்வொர்த் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் கதை கேட்டார்கள். ஒரு சிறுமி முயல் வளைக்குள் விழுந்துவிட்டாள் என்று டாட்ஜ்ஸன் ஆரம்பித்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. முன்னால் இருந்த டக்வொர்த் திரும்பிப் பார்த்து, இது இந்த நிமிஷத்தில் முளைக்கிற கதையா என்று வியந்து கேட்டாராம். வீட்டுக்குத் திரும்பியதும் ஆலிஸ், தனக்காக அதை எழுதித் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். லூயிஸ் காரல் என்ற புனைபெயரில் 1865-இல் அச்சாகி, உலகத்துக் குழந்தைகள் எல்லாம் படித்த ‘அற்புத உலகில் ஆலிஸ்’ பிறந்த கதை இது. உங்களில் பலர் பள்ளிக்கூடப் பாடத்திலாவது அந்த முயலைச் சந்தித்திருப்பீர்கள்.

இப்போது வெயில் விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தகத்தின் முகப்பில் டாட்ஜ்ஸன் எழுதிய பாட்டிலேயே அந்தப் பிற்பகல் பொன்மயமாக இருக்கிறது. 25 ஆண்டுகள் கழித்து, 1887-இல், ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அந்த நாளைத் திரும்பவும் நினைக்கிறார். மேலே மேகமே இல்லாத நீலம், கீழே கண்ணாடி போன்ற தண்ணீர், நடுவில் சோம்பலாக மிதக்கும் படகு. ஆலிஸும் அதையேதான் சொன்னார். சூரியன் அப்படிக் கொளுத்தியதாம். படகைவிட்டு இறங்கி, புதிதாகப் போட்ட வைக்கோற்போர் ஒன்றின் நிழலில் ஒதுங்கினோம் என்றார். 1932-இல், 80 வயதில், மறுபடியும் அதே தகிக்கும் பிற்பகல். புல்வெளிமேல் அதே கானல்.

சாட்சிகள் இருவர், வாக்குமூலம் ஒன்று. வேறு என்ன வேண்டும்?

வேண்டாத ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் செய்தார்கள். வானிலை அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஆக்ஸ்போர்டுப் பக்கத்தில் 1862 ஜூலை 4-ஆம் தேதி குளிர்ச்சியாகவும் ஓரளவு மழையாகவும் இருந்தது என்று அவற்றில் இருந்தது! வேறு சிலர் உடனே மறுப்பு எழுதினார்கள். மழை பெய்த நேரம் வேறாக இருக்கலாம், பிற்பகலில் மேகம் விலகியிருக்கலாம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் வெயிலுக்காகப் படித்த மனிதர்கள் இப்படி வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிகாசம் இல்லை, பிரியம்தான். ஆனால் மேகம் சற்று விலகியது என்று வைத்துக்கொண்டாலும், கொளுத்தும் வெயிலும் துளி மேகமற்ற வானமும் அன்று இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான். முதல் நாள், ஜூலை 3-ஆம் தேதி, இதே குழந்தைகளோடு படகில் போவதாக இருந்து, மழை வந்ததால் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள் என்று டாட்ஜ்ஸனின் டைரியே சொல்கிறது.

அந்த டைரி வேடிக்கையானது. ஜூலை 4-ஆம் தேதிக் குறிப்பில் என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் படம் எடுத்தேன். பிறகு டக்வொர்த்தும் நானும் லிடெல் பெண்களோடு காட்ஸ்டோ போனோம். கரையில் தேநீர் குடித்தோம். எட்டே கால் மணிக்குத்தான் திரும்பினோம். என் அறையில் சிறு புகைப்படங்களைக் காட்டிவிட்டு ஒன்பதுக்குச் சற்று முன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். இவ்வளவுதான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கதை சொன்னதாகக்கூட ஒரு வார்த்தை இல்லை! ஏழு மாதம் கழித்து, 1863 பிப்ரவரியில், அந்தக் குறிப்புக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு சேர்க்கை எழுதினார். அன்றுதான் ஆலிஸின் கதையைச் சொன்னேன், அவளுக்காக எழுதித்தர ஒப்புக்கொண்டேன் என்று. அந்த நாள் பெரிய நாள் என்பது அந்த நாளில் அவருக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரிகிறது? நாம் சந்தோஷமாக இருக்கிறோம் என்று அந்தச் சமயத்திலேயே தெரிந்துகொள்ளும் பாக்கியம் மிகச் சிலருக்கே உண்டு. அவர்களையும் நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன்.

அதே கோடையில் இன்னொரு படகுப் பயணம் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. ஜூலைக்கு முன், ஜூன் 17-ஆம் தேதி. டாட்ஜ்ஸனின் சகோதரிகள் ஃபானி, எலிஸபெத் இருவரும், அவர்களுடைய சித்தி லூஸியும் ஆக்ஸ்போர்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களையும், டக்வொர்த்தையும், மூன்று சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டு நதியில் கீழ்முகமாக நியூன்ஹாம் போனார்கள். போகும்போது சுகம். திரும்பும்போது பிடித்துக்கொண்டது மழை. சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. படகை விட்டுவிட்டு நடந்தே போவது என்று டாட்ஜ்ஸன் முடிவு செய்தார். மூன்று மைல் நடை! எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். எலிஸபெத்தால் வேகமாக நடக்க முடியவில்லை. ஆகவே குழந்தைகளை மட்டும் முன்னால் அழைத்துக்கொண்டு போய், தமக்குத் தெரிந்த ஒரே வீட்டில் விட்டுத் துணிகளை உலர்த்தச் சொன்னார். அந்த ஊரில் வண்டி கிடைக்கவில்லை. பிறகு டக்வொர்த்தும் அவரும் அடுத்த ஊருக்கு நடந்து போய் அங்கிருந்து வண்டி அனுப்பினார்கள். ஈரப்பாவாடையோடு ஒரு சித்தியும், நடக்கமாட்டாத ஒரு தமக்கையும், இருட்டுவதற்குள் வண்டி தேடி ஓடும் இரண்டு ஆண்களும். குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனவர்களுக்கு இதற்குமேல் நான் வருணிக்க வேண்டியதில்லை.

இந்த மழை எங்கே போயிற்று? பொன்மயமான நினைவில் இதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆலிஸ் தன் கண்ணீர்க் குளத்திலேயே விழுந்து நீந்துகிறாளே, அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. அவளோடு நீந்திக் கரையேறி நனைந்து நடுங்கும் பறவைகளில் ஒன்று வாத்து, அது டக்வொர்த். இன்னொன்று டோடோ, அது டாட்ஜ்ஸன். லொரினாவும் ஈடித்தும்கூட ஆளுக்கொரு பறவையாக அங்கே நிற்கிறார்கள். ஆலிஸுக்கு அவர் முதலில் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில், டோடோ பக்கத்தில் ஒரு வீடு தெரியும் என்று சொல்லி எல்லோரையும் அழைத்துப்போய்க் குளிர் காய வைக்கிறது. அச்சுக்குக் கொடுத்தபோது அதை எடுத்துவிட்டு வேறு வேடிக்கையைச் சேர்த்தார். அந்த வீடு ஊருக்கெல்லாம் வேண்டாம், நனைந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம்.

ஆகவே மனம் மழையைத் தொலைத்துவிடவில்லை. ஓர் அறையிலிருந்து எடுத்து இன்னோர் அறையில் வைத்துவிட்டது. ஜூன் மாதத்துத் தண்ணீரெல்லாம் கதைக்குள் போயிற்று. ஜூலைக்கு வெயில் மட்டும் மிச்சம்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லப் புகுந்தபோது, கண்டதைக் கண்டபடி ஒப்பிப்பதுதான் மெய் என்று வானிலை அலுவலகம்போல் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு சொல்லால் யாருக்காவது தீங்கு வருகிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். ஆலிஸ் அம்மாளின் வெயிலால் யாருக்குத் தீங்கு?

அவருடைய பிற்கால வாழ்க்கையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஈடித் 1876-இல், 22 வயதிலேயே இறந்துவிட்டாள். ஆலிஸ் 1880-இல் மணந்துகொண்டார், பிள்ளைகள் மூவர். முதல் உலக யுத்தம் அவர்களில் இருவரைக் கொண்டுபோயிற்று. 1926-இல் கணவரும் போனார். பெரிய வீட்டை நடத்த முடியாமல், 1928-இல் அந்தக் கையெழுத்துப் பிரதியை ஏலத்தில் விற்றார். 15,400 பவுன் கிடைத்தது. டாட்ஜ்ஸனின் நூற்றாண்டு விழாவுக்காக 1932-இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு வருஷத்தில் காலமானார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த 80 வயது மூதாட்டி, பத்து வயதில் வைக்கோற்போர் நிழலில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லுகிறார். ‘அம்மா, அன்று மழையாயிற்றே’ என்று எழுந்து சொல்ல யாருக்கு மனம் வரும்? வெயில் அடித்ததோ இல்லையோ, அவருக்கு அது வேண்டியிருந்தது.

இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் இந்தக் கோடைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் சர்க்கரை வியாபாரம் செய்தவனாவேன்.

அடுத்த வருஷம், 1863 ஜூன் 25-ஆம் தேதி, மறுபடி நியூன்ஹாமுக்கு ஒரு பெரிய கோஷ்டி போயிற்று. இந்த முறை லிடெல் தம்பதிகளும் உடன் இருந்தார்கள். டாட்ஜ்ஸன் மூன்று பெண்களோடும் ரயிலில் திரும்பினார். அதற்கு இரண்டு நாள் கழித்து என்ன நடந்தது? டைரியில் ஜூன் 27 முதல் 29 வரை உள்ள பக்கம் இல்லை. வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டுக்கும் அவருக்கும் இடையே பழைய நெருக்கம் இல்லை. 1864 மே மாதத்தில், குழந்தைகளைப் படகில் அழைத்துப்போக அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த நவம்பர் 26-ஆம் தேதிதான், தம் கையாலேயே எழுதி, தாமே படங்களும் வரைந்த கதையை ஆலிஸுக்கு அனுப்பினார். அது போகாத கோடைக்காகக் கொடுத்த பரிசு என்று படிக்கும்போது புத்தகமே சற்று வேறாகத் தெரிகிறது.

டாட்ஜ்ஸன் 1898-இல் இறந்தார். பக்கத்தை வெட்டியது அதன் பிறகு அவர் குடும்பத்தாரில் ஒருவர்தான் என்று ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள். 13 தொகுதிகளாக இருந்த டைரியில் நான்கு காணாமலே போய்விட்டன. மிச்சம் ஒன்பது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெட்டியவரின் நோக்கம் தெளிவு. பெரியவர் பெயருக்கு மாசு வரக்கூடாது. அந்தக் கோடை பொன்னாகவே இருக்க வேண்டும். நல்லெண்ணம்தான்.

விளைவு என்ன? அந்த ஒரு வெற்றிடத்தில் உலகம் தனக்குத் தோன்றியதையெல்லாம் எழுதி நிரப்பிற்று. பத்து, பதினொரு வயதுப் பெண்ணை மணக்கக் கேட்டார் என்று சிலர். அதைவிட இழிவானதைச் சொன்னவர்களும் உண்டு. குழந்தைகளை அவர் எடுத்த படங்களைக் காட்டி இன்றும் சொல்கிறார்கள். 1996-இல் குடும்பக் காகிதங்களுக்கிடையில் ஒரு துண்டுக் குறிப்பு அகப்பட்டது. வெட்டுப்பட்ட பக்கத்தில் இருந்ததன் சுருக்கம். குழந்தைகளைச் சாக்காக வைத்து அவர் வீட்டு ஆசிரியையை நாடுகிறார் என்றும், மூத்தவளான லொரினாவை நாடுகிறார் என்றும் ஊரில் பேச்சு இருப்பதாகத் திருமதி லிடெல் அவரிடம் சொன்னாராம். அவ்வளவுதான். ஒரு கல்லூரி ஊரின் திண்ணைப் பேச்சு! ஆசிரியையைச் சேர்த்துப் பேசுவது ஒன்றும் புதிதல்ல. 1857-லேயே அப்படி ஒரு வதந்தி கிளம்பி, அவர் டைரியில் அதைக் குறித்துவிட்டு வருந்தியிருக்கிறார்.

ஆனால் துண்டுக் குறிப்பு வழக்கை முடித்துவிடவில்லை. 1930-இல் ஒரு நூலாசிரியை லொரினாவைத் தேடிப்போய்க் கேட்டபோது, ஆலிஸ் வளர வளர அவர் காட்டிய பிரியம் மிகுதியாயிற்று, அம்மா கண்டித்தாள், அவர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார் என்று லொரினா சொல்லிவிட்டார். பிறகு தங்கைக்குக் கடிதம் எழுதி, பழக்கம் நின்றதற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்ததே என்றார். எண்பது வயதில் இரு சகோதரிகள், அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சங்கதிக்கு என்ன காரணம் சொல்வது என்று கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் மட்டும் இருந்திருந்தால்!

இங்கே வாசகிகள் சிலர் என்னிடம் கேட்பார்கள்: திருமதி லிடெலும் ஆலிஸுக்கு அவர் எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? உண்மைதான். அப்படிக் கிழித்ததை ஆலிஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கண் முன்னால் வளர்கிற பெண்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வருகிற ஆண்மகன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வாசற்கதவை எவ்வளவு திறப்பது என்பது அவள் பொறுப்பு. அதில் அவள் தப்புக் கணக்குப் போட்டிருக்கலாம், சரியாகவும் போட்டிருக்கலாம். கணக்குப் போடும் உரிமை அவளுடையது. அவள் அந்தக் கோடைக்குள் இருந்தவள்; விளைவுகளைச் சுமக்க வேண்டியவள். நினைத்துப் பார்த்தால், பொன்மயமான பிற்பகலின் படகில் அவளும் இல்லை, வதந்தியில் அடிபட்ட ஆசிரியை மிஸ் பிரிக்கெட்டும் இல்லை. ஒருத்தி கதவைக் காத்தாள். மற்றவள், தான் செய்யாத ஒன்றுக்காக ஊர் வாயில் விழுந்தாள். அவர்களுக்கு 1862 எப்படிப்பட்ட கோடை? நான் இதை நாவலாக எழுதினால் மிஸ் பிரிக்கெட் வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

கத்தரியை எடுத்தவர் நிலைமை வேறு. அவர் படகில் இல்லை, கரையில்கூட இல்லை. அனுபவித்தவர் மறப்பதும், அனுபவித்தவர் பூசிச் சொல்வதும் ஒன்று. பின்னால் வந்தவர் மற்றவர்கள் சார்பில் மறந்துவிடுவது வேறு. ஆலிஸின் வெயில் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. வெட்டப்பட்ட பக்கம் மூன்று பேர் வாயை அடைத்தது: எழுதியவர், குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியை, சொல்ல வந்த தாய். மூவரும் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு அடைத்தது.

எதற்காக இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். சமீபத்தில் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். காலஞ்சென்ற தம் தகப்பனாரின் டைரிகளில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் குழந்தையாயிருந்தபோது, இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மே மாதம் முழுவதும் கொடைக்கானலில் தங்கியிருக்கின்றன. தகப்பனாரும் அவருடைய உயிர் நண்பரும், இரு வீட்டுப் பெண்களும், ஆறு குழந்தைகளும். தினமும் மாலையில் ஏரியில் படகு. (அந்த ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை அணை போட்டு உண்டாக்கினார், அதுவும் 1863-இல்தான்.) இளைஞரின் தாயாருக்கு இப்போது எழுபதுக்கு மேல். தன் ஆயுளிலேயே அந்த ஒரு மாதம்தான் மாதம் என்று அந்த அம்மாள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குளிரில் நடுங்கிக்கொண்டே எல்லோரும் ஒரே படகில் ஏறியது, நண்பரின் மனைவி பாடியது, பிஸ்கோத்துப் பொட்டலம் தண்ணீரில் விழுந்தது.

டைரியில் அதே வாரம் வேறு மாதிரி இருக்கிறது. நண்பருக்குக் கொடுத்த கடனைப் பற்றிய சச்சரவு. ராத்திரி பெண்களும் குழந்தைகளும் தூங்கிய பிறகு தாழ்ந்த குரலில் நடந்த சண்டை. நண்பரைப் பற்றி எழுதக்கூடாத வார்த்தைகள். மறுநாள் மாலை இருவரும் சேர்ந்து துடுப்பு வலித்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு முகத்தில் முழிக்கவில்லை. நண்பருக்கு உத்தியோகம் மாற்றலாகிப் போய்விட்டது என்று தாயாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

“அந்த நாலு பக்கத்தையும் கிழித்துவிடலாமா சார்? அம்மா கண்ணில் பட்டால் தாங்க மாட்டாள்” என்றார்.

“அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா?” என்று கேட்டேன்.

“படிக்க முடியாது. நான்தான் பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன்.”

“அப்படியானால் எதற்குக் கிழிக்கிறீர்கள்? வாசிக்காமல் இருங்கள், போதும். அம்மாவின் கொடைக்கானல் அம்மாவுடையது. அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அப்பாவின் கொடைக்கானல் அப்பாவுடையது. அதிலும் கை வைக்க வேண்டாம்.”

அவருக்குத் திருப்தியாகவில்லை. “அந்த நண்பருடைய பிள்ளைகள் இதைப் பார்த்தால்? அவர்கள் அப்பாவைத் திருடன் என்று எழுதியிருக்கிறார் சார். ஒருவேளை அவர் பக்கம் நியாயம் இருந்திருந்தால்?”

இது நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டாட்ஜ்ஸன் எதிர்ப் பக்கத்தில் எழுதிய அந்தச் சேர்க்கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். நண்பரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். மூத்தவர் திருச்சியில் இருப்பதாகக் கேள்வி என்றார். அவரையும் அந்தக் கோடையைப் பற்றி ஒரு முறை கேட்டு, அவர் சொல்வதை டைரியின் எதிர்ப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கலாம் என்றேன். அவர் வீட்டில் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்களோ!

இளைஞர் யோசித்தார். டைரியைப் பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். திருச்சிக்குப் போகப்போவதாகவும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது மட்டும் நின்று, பிஸ்கோத்துப் பொட்டலம் தண்ணீரில் விழுந்ததை அப்பாவும் எழுதியிருக்கிறார் என்றார்.